கோழிக் கொழுப்பும் ஒரு கரண்டி நெய்யும்

கண்ணு, இதை ரயிலில் நின்றுகொண்டு படிக்காதே. வீட்டுக்குப் போய், ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, உட்கார்ந்து படி. போனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் ஆரம்பித்தாலே நீ "வுடும்மா, போவுது" என்று பேச்சை மாற்றிவிடுவாய். இருபது வருடமாக உன்னிடம் இந்த விஷயத்தில் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். காகிதத்தில் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தலையில் நான் இரண்டு பழி போட்டிருக்கிறேன். ஒன்று போன வெள்ளிக்கிழமை, உன் வருங்கால மாமனாருக்கு முன்னால். இன்னொன்று பதினோரு வருடத்துக்கு முன்னால், நம் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் முன்னால். இரண்டையும் நீ வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றாய். இன்னும் இரண்டு மாதத்தில் உனக்குக் கல்யாணம். அந்தச் சுமையோடு நீ போய் நிற்கக் கூடாது. அதை இறக்கிவிடத்தான் இந்தக் கடிதம். பெரியதை எடுத்த எடுப்பில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. கோழிக் கொழுப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், எழுத எழுத வந்துவிடும்.

ரஷேலின் அப்பா வருகிறார் என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யூதர், அதிலும் ஆசாரமானவர். ஒரே மகள் புதுச்சேரிப் பையனைக் கட்டிக்கொள்வது பிடிக்காமல் இரண்டு வருடம் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவர். மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, மகள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்து, "அந்த அம்மாவை ஒரு தடவை பார்க்கிறேன்" என்றாராம். அந்த அம்மா யார்? முத்தியால்பேட்டையில் கோழிக்கறிக் கடை வைத்திருக்கும் நான். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன், புது ஸ்கிரீன் தைத்துப் போட்டேன், நகத்து இடுக்கில் இருந்த மஞ்சளைப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். திங்கட்கிழமை உங்கள் இரண்டு பேரோடு வந்து இறங்கினார். வெள்ளைத் தாடி, தலையில் சின்னக் குல்லா, கனமான கண்ணாடி. கை கூப்பி "வணக்கம் மதாம்" என்றார். நான் "போன்ழூர் முசியே" என்றேன். அத்தோடு என் பிரெஞ்சில் முக்கால்வாசி தீர்ந்துபோனது.

அன்று மத்தியானம் நான் ஆக்கி வைத்ததில் ஒரு பருக்கைகூட அவர் தொடவில்லை. தான் கொண்டுவந்த ரொட்டியையும் நான்கு வாழைப்பழத்தையும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். ரஷேல் அடுப்படிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோச்சிக்காதீங்க அத்தே. எங்கப்பா வேற வூட்டுப் பாத்திரத்துல சாப்ட மாட்டாரு. கறியும் பாலும் ஒண்ணா பொழங்குன பாத்திரம் ஆவாது. கோழின்னா அவங்க மொறப்படி அறுத்தாதான்" என்றாள். அந்தப் பெண் வாயில் நம் தெருத் தமிழ் அப்படியே வருகிறது, நீ சொல்லிக்கொடுத்த லட்சணம். எனக்குக் கோபத்தையும் மீறிச் சிரிப்பு வந்தது.

ஆனாலும் சிரிப்பு எவ்வளவு நேரம் நிற்கும்? நம் பக்கத்தில் சம்பந்தம் பேச வந்தவர்கள் கை நனைக்காமல் எழுந்து போனால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். பிடிக்கவில்லை என்று அர்த்தம். செவ்வாய்க்கிழமை போனது, புதன் வந்தது, வாழைப்பழத் தார்தான் குறைந்துகொண்டே வந்தது. எதிர்வீட்டு மல்லிகா கோலம் போடுகிற சாக்கில், "என்னாக்கா, சம்பந்தி இன்னும் கை நனைக்கலியாமே?" என்று கேட்டாள். "அவருக்கு வவுறு சரியில்லடி" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து பாத்திரத்தையெல்லாம் டமார் டமார் என்று அடுக்கினேன். ஊருக்கே கறி வெட்டிப் போடுகிறவள் வீட்டில் சம்பந்தி பட்டினி கிடக்கிறார் என்றால் எனக்கு எப்படி இருக்கும் சொல்.

புதன்கிழமை காலையில் முசியே தானாகவே ரஷேலைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். ஓரமாக நின்று நான் வெட்டுவதைப் பார்த்தார். நான் ஒரு கோழியின் தோலை உரித்து, வயிற்றுக்குள் இருந்த மஞ்சள் கொழுப்பை வழித்து, வழக்கம்போல் கழிவு டிரம்மில் வீசினேன். அந்த மனிதர் "நோ! நோ மதாம்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். வாசலில் நின்ற வாடிக்கைக்காரர் பயந்து போய்விட்டார். ரஷேல் சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்து, பிறகுதான் எனக்குச் சொன்னாள். அவர்கள் வீட்டில் நமக்கு நல்லெண்ணெய் மாதிரி இந்தக் கொழுப்பாம். தோலோடு சேர்த்து வெங்காயம் போட்டு உருக்கி, வடிகட்டி, பாட்டிலில் வைத்துக்கொள்வார்களாம். கறியோடு வெண்ணெய் சேரக் கூடாது என்பதால் வறுக்கவும் தாளிக்கவும் ரொட்டியில் தடவவும் எல்லாவற்றுக்கும் அதுதானாம். ஷ்மால்ட்ஸ் என்று பெயர். அவள் அம்மா வியாழக்கிழமை தோறும் உருக்குவாளாம், மாடிப்படி வரை மணக்குமாம். அம்மா போன பிறகு அந்த வீட்டில் யாரும் உருக்கவே இல்லையாம். வியாபாரம் ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் கொழுப்பை நான் மீன் வளர்க்கிறவர்களுக்கு அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போதுதான் இன்னொரு விஷயமும் சொன்னாள். அதை நீ ஏன்டா எனக்கு முன்னாலேயே சொல்லவில்லை? முசியேயும் கோழி வெட்டுகிறவர்தான். பாரிஸில் அவர்கள் ஆட்களுக்கு முறைப்படி அறுத்துக் கொடுப்பதே வாழ்நாள் முழுக்க அவர் தொழில். சம்பந்தி அம்மா கோழிக்கடைக்காரி என்று கேள்விப்பட்டதும், பெட்டியில் முதலில் எடுத்து வைத்தது தன் கத்தியைத்தானாம். அதாவது, நம் வீட்டில் சாப்பிடக் கூடாது என்று அந்த மனிதர் வரவில்லை. சாப்பிட வேண்டும் என்றுதான் கத்தியோடு வந்திருக்கிறார். கேட்பதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு மூன்று நாள் வாழைப்பழம் தின்றிருக்கிறார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிடமே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் வேலை செய்ததை நீயும் பார்த்தாய், ஆனால் நீ தொழில்காரன் இல்லை, உனக்குப் பாதிதான் தெரிந்திருக்கும். முதலில் என் கத்தியை வாங்கி, கூர்ப் பக்கத்தைத் தன் நகத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பார்த்தார். மூன்று இடத்தில் நின்றார். நின்ற இடத்தில் என் நகத்தை வைத்துக் காட்டினார். கண்ணுக்கே தெரியாத பொக்கை, கூர் பெயர்ந்த இடம், நகத்துக்குத் தெரிந்தது. பிறகு தன் கத்தியைக் கொடுத்தார். முனையே இல்லாத சதுரக் கத்தி. நகத்தில் இழுத்தால் தண்ணீரில் இழுத்த மாதிரி போனது. அதில் ஒரு பொக்கை இருந்தாலும் கோழிக்கு வலிக்கும், அந்தக் கறி ஆகாது என்றார். நானும் உங்கப்பாவும் சேர்ந்து எத்தனை ஆயிரம் கோழி அறுத்திருப்போம், கோழிக்கு வலிக்குமா என்று ஒரு நாள் கேட்டிருப்போமா?

நம் கூண்டில் பிராய்லர்தான் நிறைய இருந்தது. அதில் கொழுப்பு நிற்காது என்று எனக்குத் தெரியும். முட்டை விட்டு ஓய்ந்த லேயர் கோழி நான்கைச் சொல்லி வைத்து வரவழைத்திருந்தேன். முசியே தூக்கிப் பார்த்து, வயிற்றைத் தடவி, என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த ஒரு தலையாட்டலுக்கு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? வாய்க்குள் மந்திரம் சொன்னார், ஒரே இழுப்பு, முடிந்தது. விழுந்த ரத்தத்தை அப்படியே விடாமல் மண் கேட்டு வாங்கி மூடினார். நான் பழக்க தோஷத்தில் சுடுதண்ணீரில் முக்கப் போனேன், கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். வெந்நீர் ஆகாதாம். ஒன்றைக் கூண்டில் விட்டுவிட்டு, அறுத்த மூன்று கோழிக்கும் இறகைக் கையாலேயே பிடுங்கினேன், விரல் நுனியெல்லாம் எரிந்தது. பிறகு அரை மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறப் போட்டு, கறி, தோல், கொழுப்பு எல்லாவற்றிலும் மரக்காணத்துக் கல்லுப்பைப் பூசி, ரத்தம் வடிய ஒரு மணி நேரம் சாய்வுப் பலகையில் வைத்து, மூன்று முறை அலசினார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தன் வேலையை இவ்வளவு மதிக்கிற ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லை. வெட்டுக்காரி என்று யாராவது சொன்னால் முறைத்துக்கொண்டிருந்தவள் நான். அன்று முழுக்க அந்தப் பேரே எனக்கு நன்றாக இருந்தது.

உருக்குவதற்கு யாரும் பயன்படுத்தாத பாத்திரம் வேண்டும் என்று நீதான் புது மண்சட்டி வாங்கி வந்தாய். அடுப்பை முசியேதான் பற்றவைக்க வேண்டும் என்பது அவர்கள் முறை, பற்றவைத்தார். அதற்கப்புறம் ஆள் திருதிருவென்று விழித்தார். கேட்டால், அறுப்பது அவர் வேலை, உருக்குவது அவர் மனைவி வேலையாம், இத்தனை வருடத்தில் அவர் ஒரு நாளும் அடுப்புப் பக்கம் நின்றதில்லையாம்! "தள்ளுங்க முசியே" என்று நான் கரண்டியை வாங்கிக்கொண்டேன்.

நீ அங்கே செய்யும்போது இதைக் கவனித்துச் செய். தோலையும் கொழுப்பையும் பொடியாக நறுக்கி, ஒரு கை தண்ணீர் தெளித்து, அடுப்பைச் சின்னதாக வை. அவசரப்பட்டு எரிய விட்டால் கருகிக் கசந்துவிடும். தண்ணீர் வற்றி எண்ணெய் விட ஆரம்பித்ததும் வெங்காயத்தைப் போடு. சடசடவென்று சத்தம் வரும். வெண்ணெய் காய்ச்சும்போது கேட்போமே அதே சத்தம்தான். சத்தம் அடங்கி, தோல் சிவந்து மொறுமொறுப்பானால் இறக்கிவிட வேண்டியதுதான். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, காது பார்த்துக்கொண்டது. வெண்ணெய்க்குப் போடுவது மாதிரி ஒரு கொத்து முருங்கைக் கீரையும் போடலாமா என்று கேட்டேன். முசியே கொத்தை வாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு இலையாகத் திருப்பித் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தார். கால் மணி நேரம் பார்த்தார்! பிறகு "போன்", அதாவது நல்லது, என்று கொடுத்தார். அந்த வாசனை எழும்பியபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டார். ரஷேலும் பின்னாலேயே போனாள். அடுப்படியில் நான் மட்டும்தான்.

அந்த நேரத்தில்தான், கண்ணு, நான் அதைச் செய்தேன். பாலை, தயிரை, வெண்ணெயைக் காலையிலேயே மல்லிகா வீட்டு ஃபிரிட்ஜில் கொண்டுபோய் வைத்துவிட்டேன், ரஷேல் சொன்ன மூன்றும் அவைதான். நெய்யை அவள் சொல்லவில்லை. அவர்கள் ஊரில் நெய் இல்லை, அவளுக்கு எப்படித் தோன்றும்? எனக்கும் நெய் என்றால் பால் என்று நினைப்பு வரவே வராது. நெய் நெய்தான். முக்கியமானவர்களுக்கு எது பரிமாறினாலும் ஒரு சொட்டு நெய் விட்டால்தான் சுத்தம், மரியாதை என்று சின்ன வயதிலிருந்து ஊறியவள் நான். இலை போட்டதும் நாம் முதலில் செய்வது அதுதானே. அந்த மனிதருக்கு நான் செய்யக்கூடிய பெரிய மரியாதையாக நினைத்து, நெய்த் தூக்குவாளியைத் திறந்து, ஒரு கரண்டி நெய்யைக் கொழுப்புச் சட்டியில் ஊற்றினேன். சந்தோஷமாகத்தான் ஊற்றினேன்.

சாயங்காலம் அவர்களுக்கு ஓய்வு நாள் தொடங்குகிறது, சூரியன் மறைந்தால் அடுப்பைத் தொட மாட்டார்கள், அதற்குள் அந்தக் கொழுப்பிலேயே கறியை வதக்கி வேகவைக்க வேண்டும் என்று ரஷேல் அவசரமாக உள்ளே வந்தாள். மேடையில் இருந்த தூக்கைப் பார்த்து, "இது என்னா அத்தே?" என்றாள். "நெய்ம்மா." "எதுல செய்வீங்க?" "வெண்ணெயத்தான் உருக்குவோம்." அவள் சிரித்துக்கொண்டே, "அய்யய்யோ, இதையும் ஒளிச்சி வைங்க. அதுவும் பாலுதான். ஒரு சொட்டு கோழியில பட்டாலும் எங்கப்பா தொட மாட்டாரு" என்று சொல்லிவிட்டு மேசை விரிப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சொல்லிவிடலாம், ஒரு வார்த்தைதான். ஆனால் காலையிலிருந்து அந்த மனிதர் பட்ட பாட்டைப் பார்த்தேனே! கடிகாரம் பார்த்து உட்கார்ந்திருந்ததை, இலை இலையாகப் பார்த்ததை. எல்லாவற்றையும் ஒரு கரண்டியில் கெடுத்தவள் நான் என்று எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் அவருக்குப் போட்டுவிடலாமா என்றும் ஒரு நொடி தோன்றியது, மறைக்க மாட்டேன். அந்தப் பாவம் வேண்டாம் என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்த் துணி துவைக்கும் கல்லின் மேல் போட்டு உடைத்துவிட்டேன். சத்தம் கேட்டு எல்லோரும் ஓடிவந்தீர்கள். நீ எனக்குப் பின்னால் தண்ணீர் மோந்துகொண்டு நின்றாய். "இவன்தான்! கண்ணு தெரியாம வந்து இடிச்சான். எப்பவுமே இப்டித்தான், எரும" என்று கத்தினேன். நீ என்னைப் பார்த்தாய். இடிக்கவில்லை என்று உனக்குத் தெரியும். ஒரு நொடிதான். பிறகு முசியே பக்கம் திரும்பி, "பர்தோன், என் தப்புதான்" என்று பிரெஞ்சில் சொன்னாய்.

இரண்டு வருடம் உன்னிடம் பேசாமல் இருந்தவர் அவர். அவரிடம் நல்ல பேர் வாங்க வேண்டும் என்று நீ எப்படித் தவித்தாய் என்று எனக்குத் தெரியாதா? அவர் திரும்பி உள்ளே போனார். சூரியன் இறங்கிவிட்டது, வேறு சட்டி வாங்கவும் நேரமில்லை. அன்று ராத்திரியும் மறுநாள் முழுக்கவும் அவர் ரொட்டியும் பழமும்தான். சனிக்கிழமை பூராவும் நீ அவருக்கு முன்னால் தலை நிமிரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்களுக்கு ஏர்போர்ட் கார். அன்று காலையிலும் நான் கடையைத் திறந்தேன், ஞாயிறு வியாபாரத்தை விட எனக்கு மனசு வராது. நீயும் ரஷேலும் சண்டே மார்க்கெட் போய்விட்டீர்கள். பத்து மணிக்கு முசியே தனியாக வந்தார். கையில் ஒரு சாணைக்கல். என் கத்தியைக் கேட்டு வாங்கி, ஸ்டூலில் உட்கார்ந்து, அந்த மூன்று பொக்கையையும் தேய்த்து எடுத்தார். நகத்தில் இழுத்துப் பார்த்து என்னிடம் நீட்டினார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மொழிபெயர்க்க நீங்கள் இருவரும் இல்லாததும் நல்லதாகப் போயிற்று. "முசியே, சட்டி... நெய்... லே" என்றேன். லே என்றால் பால் என்று பால்காரன் முதல் எல்லோருக்கும் இந்த ஊரில் தெரியும். "முவா" என்று என் நெஞ்சில் குத்திக் காட்டினேன். "என் புள்ள இல்ல. நோ. நான். நான்தான் ஊத்துனேன், நான்தான் ஒடச்சேன்." சட்டியைத் தூக்கிப் போடுவது மாதிரி செய்து காட்டினேன். வாடிக்கைக்காரர்கள் ஐந்தாறு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதேன்.

அவர் சாணைக்கல்லைக் கீழே வைத்தார். பிறகு தன் கையால் ஒரு சட்டியை உயர்த்தி, கீழே போட்டு உடைப்பது மாதிரி காட்டி, "வுய், வுய்" என்று தலையை ஆட்டினார். எனக்குப் புரியவில்லை. போனை எடுத்து ரஷேலைக் கூப்பிட்டு என்னிடம் கொடுத்தார். அவள் சொன்னாள்: பாலும் கறியும் கலந்த மண்சட்டியைக் கழுவிச் சுத்தம் செய்ய அவர்கள் முறையில் வழியே கிடையாதாம், உடைத்துத்தான் ஆக வேண்டுமாம். நான் செய்தது சரிதானாம். "எங்கப்பா எதுக்கு இப்ப திடீர்னு சட்டியப் பத்திச் சொல்லச் சொல்றாரு அத்தே?" என்று கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். முசியே அதற்குள் எழுந்து கூண்டுப் பக்கம் போய், குனிந்து கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீதி இருந்த லேயர் கோழியைச் சுட்டிக்காட்டினார்.

நான் ஷட்டரை இறக்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி, வாசலில் ஆள் நிற்கிறது, "இன்னாக்கா, மூடிட்டா எப்டி?" என்று கேட்கிறார்கள், நான் இறக்கினேன். அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நீங்கள் திரும்பி வந்தபோது முசியே சட்டைக் கையை மடித்துக்கொண்டு, நான் ஓடிப்போய் வாங்கி வந்த புதுச் சட்டியில் வடித்த சோற்றில் அந்தக் கொழுப்பையும் முறுகலான தோலையும் போட்டு, நம்மைப் போலவே கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "என் மனைவியைவிட ஒரு பங்கு வெங்காயம் கம்மி" என்றார், ரஷேல்தான் தமிழில் சொன்னாள். போகும்போது உன் தோளைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டாரே, அது ஏன் என்று நீ யோசித்திருப்பாய். இப்போது தெரிந்திருக்கும். அவருக்கு விஷயம் தெரியும். அந்தப் பழி இறங்கிவிட்டது.

இனி மற்றது. ஷட்டரை இறக்கிய அந்த நிமிடம் என் கை அதிலேயே நின்றுவிட்டது. ஒரு மனிதர் சாப்பிட வேண்டும் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை கடையை மூடுகிறேன். அன்றைக்கு மூடினேனா? பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், "நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்குதுடி" என்று உங்கப்பா சொன்னார். கடை வாசலில் கூட்டம். "கேஸா இருக்கும், ஒரு சோடா குடி. ரெண்டு மணிக்கு மேல ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன். சேதராப்பட்டில் காதுகுத்து விருந்துக்கு முப்பது கிலோ கறி போக வேண்டியிருந்தது. பைக்கைக் கொடுத்து உன்னை அனுப்பினது நான். "அப்பாவ மொதல்ல கூட்டிட்டுப் போறேம்மா" என்று நீ சொன்னாய். "கறி கெட்டுப்பூடும், போய்ட்டு வாடா" என்றேன். ஒன்றேகால் மணிக்கு அவர் கறி வெட்டும் கட்டையிலேயே சாய்ந்துவிட்டார்.

கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தபோது உன் பெரியப்பா, நோணாங்குப்பத்தில் இருக்கும் உங்கப்பாவின் அண்ணன், என்னைக் கேட்டார், "காலையிலயே ஏன் தூக்கிட்டுப் போவல?" என்று. நான் உன்னைப் பார்த்துக்கொண்டே, "பைக் இருந்தாதான? இவன் எடுத்துக்கிட்டு ஊர் சுத்தப் பூட்டான்" என்றேன். நீ அப்போதுதான் சேதராப்பட்டிலிருந்து ஓடி வந்திருந்தாய், உன் சட்டையில் கறி ரத்தம் இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. நீயும் காட்டவில்லை. பெரியப்பா அன்றோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினார். நீ படிக்கப் போனதும், பிரான்சுக்குப் போனதும், அப்பனைச் சாகவிட்டவன் பிழைக்கப் போனான் என்றுதான் நம் ஆட்கள் பேசிக்கொண்டார்கள். எல்லாம் என் காதில் விழுந்தது. நான் கோழி வெட்டிக்கொண்டிருந்தேன்.

உனக்கு நான் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும் என்றால் இதுதான். உன் பொறுமையை நினைத்து நான் மலைத்துப் போகிறேன், அப்படி ஒரு மனசு எனக்கும் இல்லை, உங்கப்பாவுக்கும் இல்லை. ஆனால் அதை ரஷேலிடம் காட்டாதே. அவள் செய்த தப்பை அவள் தலையிலேயே வை, நீ செய்யாததைச் செய்யவில்லை என்று சத்தம் போட்டுச் சொல். சண்டை வந்தால் வரட்டும். நீ வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ள வாங்கிக்கொள்ள, எதிரே இருக்கிறவள் நான் ஆனது மாதிரி ஆகிவிடுவாள். அந்தப் பெண்ணுக்கு அந்தக் கதி வேண்டாம்.

நேற்று நோணாங்குப்பம் போனேன். பெரியப்பாவும் பெரியம்மாவும் மருமகள்களும் எல்லோரும் இருக்கும்போதுதான் சொன்னேன், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. "அவன் ஊர் சுத்தப் போவல மாமா. நான்தான் கறி குடுக்க அனுப்புனேன். அவன் ஆஸ்பத்திரிக்குப் போலாம்னான். நான்தான் கடையப் பாத்தேன்" என்றேன். பெரியம்மா என்னை என்னவெல்லாமோ கேட்டாள். கேட்க வேண்டியதுதான். நான் செருப்பை மாட்டும்போது பெரியப்பா வாசல்வரை வந்தார். வயதாகிவிட்டது, இப்போது தடி ஊன்றித்தான் நடக்கிறார். "அவன் கல்யாணத்துக்கு என்னக் கூப்புடுவானா?" என்று கேட்டார்.

"அத நான் சொல்ல முடியாது மாமா, அவனக் கேட்டுத்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது கேட்கிறேன். அவரைக் கூப்பிடுவாயா? எனக்குப் பிரான்சுக்கு டிக்கெட் ஏற்கெனவே எடுத்துவிட்டாய் என்பதற்காக வேண்டாம், இதையெல்லாம் படித்த பிறகு, என்னைக் கூப்பிடுவாயா?

அம்மா